‘செட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் எத்தனை பொருள் தருவது?

சொல்தேடி எழுதியது:

பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களுக்கான ஆங்கிலம்–தமிழ்க் கையகராதி ஒன்றுக்கு ‘எஸ்’ எழுத்தில் தொடங்கும் சொற்களைத் தொகுத்து வருகிறேன். மற்ற சொற்கள் ஓரளவு கைக்குள் அடங்கிவிட்டன; ‘செட்’ மட்டும் அடங்க மறுக்கிறது. 1989ஆம் ஆண்டு 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு இந்தச் சிறிய சொல்லுக்குரியதுதான். ஏறத்தாழ 60,000 சொற்களில் 430 பொருள்களை அங்கே விரித்திருக்கிறார்கள். எனக்கு ஒதுக்கப்பட்டிருப்பதோ அரைப் பக்கம்.

வழக்கமான கையகராதிகள் ‘வை, அமை, நிறுவு, பொருத்து, தொகுதி, மறை, இறுகு’ என்று காற்புள்ளியிட்டு அடுக்கிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றன. மாணவர் இந்த அடுக்கிலிருந்து எதை எடுப்பது என்று தெரியாமல் முதலில் நிற்கும் சொல்லையே எடுத்துக்கொள்வார்; சூரியன் ‘அமைந்தது’ என்று எழுதுவார். இந்த அடுக்குக்கு மாற்றாக ஏதேனும் ஓர் ஒழுங்கு உண்டா? எல்லாப் பொருள்களுக்கும் அடியில் ஒரு மூலப்பொருள் இருக்கிறதா, அல்லது வெவ்வேறு சொற்கள் தற்செயலாக ஒரே வடிவத்தில் வந்து நிற்கின்றனவா? அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

உங்கள் கடைசிக் கேள்விக்கு, இரண்டும் உண்மை என்பதே விடை. வினைச்சொல்லாக வரும் ‘செட்’ ஒரு குடும்பம். ‘ஒரு செட் புத்தகம்’ என்று தொகுதியைக் குறிக்கும் பெயர்ச்சொல் வேறொரு குடும்பத்திலிருந்து வந்து இதனுடன் கலந்துவிட்டது.

வினையை முதலில் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் அது ‘செட்டன்’. உட்காருதலைக் குறிக்கும் ‘சிட்’ என்ற வினையின் பிறவினை வடிவம் அது. உட்காரச் செய்தல் என்பதே அதன் முதற்பொருள். இதை ஆங்கிலேயருக்கு விளக்குவதைவிடத் தமிழருக்கு விளக்குவது எளிது, ஏனென்றால் தன்வினை, பிறவினை என்ற பாகுபாட்டை நாம் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். கிட, கிடத்து என்பதுபோல அவர்களுக்கு ‘லை’, ‘லே’. வீழ், வீழ்த்து என்பதுபோல ‘ஃபால்’, ‘ஃபெல்’. மரத்தை வெட்டி வீழ்த்துவதற்கு இன்றும் அந்தச் சொல்லே வழங்குகிறது. இரு, இருத்து என்பதுபோல ‘சிட்’, ‘செட்’. நாம் ஈற்றில் ‘த்து’ சேர்த்துப் பிறவினை ஆக்குகிறோம். செருமானிய மொழிகளின் முன்னோர் ஈற்றில் ஒரு யகர ஒலியைச் சேர்த்தார்கள். அந்த ஒலி முன்னால் இருந்த அகரத்தை எகரமாகத் திரித்துவிட்டுக் காலப்போக்கில் தானும் மறைந்துபோனது. எஞ்சியது உயிரெழுத்தின் வேறுபாடு மட்டும்.

இந்த வேரின் சுற்றம் பெரிது. இலத்தீன் வழியாக வந்த ‘செஷன்’, ‘பிரசிடென்ட்’, ‘செடிமென்ட்’ ஆகியவை இதன் தூரத்து உறவுகள். வடமொழியில் ‘சத்’ என்ற அதே வேரிலிருந்து ‘சதஸ்’, ‘பரிஷத்’, ‘உபநிஷத்’ ஆகிய சொற்கள் வந்தன. ‘ஆசனம்’ இந்த வரிசையில் வராது. அது வேறு வேர்.

தொகுதியைக் குறிக்கும் ‘செட்’ பழைய பிரெஞ்சு வழியாக ‘செக்தா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒருவரைப் பின்பற்றிச் செல்வோர் கூட்டம் என்பது அதன் பொருள். சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ அதன் உடன்பிறப்பு. பின்தொடர்தல் என்ற அதே வேரிலிருந்துதான் ஒன்றோடொன்று பொருந்தும் உடைகளைக் குறிக்கும் ‘சூட்’ என்ற சொல்லும் வந்தது. ஆகவே உங்கள் பதிவில் முதலில் இரண்டு தலைச்சொற்கள் வேண்டும். இரண்டையும் ஒரே தலைச்சொல்லின் கீழ் வைத்தால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும்.

வெற்றுக்கணம் எழுதியது:

பெயர்ச்சொல்லைப் பற்றி ஒரு கணித ஆசிரியனாகச் சில செய்திகளைச் சேர்க்கிறேன். அன்றாட வழக்கில் உள்ள ‘செட்’ வேறு, கணிதத்தில் உள்ள ‘செட்’ வேறு. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்றாட வழக்கில் ஒரு ‘செட்’ என்றால் ஒன்றோடொன்று சேர்ந்து பயன்படும் பொருள்கள் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. ஒரே மாதிரியான ஆறு நாற்காலிகள் ஒரு ‘செட்’. அதில் ஒன்று உடைந்தால் ‘செட்’ குறைபட்டுவிட்டது என்கிறோம். கணிதத்தில் அந்த எதிர்பார்ப்பு எதுவுமில்லை. கேயார்க் கேன்டர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தக் கோட்பாட்டை வகுத்தபோது, தெளிவாக வரையறுக்கப்பட்ட, ஒன்றிலிருந்து மற்றது வேறான எவற்றையும் ஒரு முழுமையாகக் கருதலாம் என்றார். ஓர் எண்ணும் ஒரு யானையும் சேர்ந்துகூட ஒரு கணம் ஆகலாம். உறுப்புகளுக்கு வரிசை கிடையாது. ஒன்றை இருமுறை எழுதினாலும் அது ஓர் உறுப்புத்தான். உறுப்பே இல்லாமலும் ஒரு கணம் இருக்கும், அதன் பெயரைத்தான் நான் சூடியிருக்கிறேன்.

கேன்டர் பயன்படுத்திய செருமன் சொல் ‘மெங்கே’. அதற்குத் திரள், பெருந்தொகை என்ற பொருள் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் ‘ஒன்றாகச் சேர்ந்தது’ என்ற பொருளுடைய ‘ஆன்சாம்பிள்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் ‘செட்’ நிலைத்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘கணம்’ என்கின்றன; இலங்கைப் பாடநூல்கள் ‘தொடை’ என்கின்றன. இரண்டும் நல்ல தமிழ் வழக்குகள்தாம் என்றாலும் எனக்குக் ‘கணம்’ என்பதே பொருத்தமாகப் படுகிறது. தொடை என்பது தொடுக்கப்பட்டது. பூமாலையானாலும் செய்யுளானாலும் தொடுப்பதில் ஒரு வரிசை வந்துவிடுகிறது. கணமோ ‘பூதகணம்’ என்பதுபோல வெறும் கூட்டம். யார் முன்னே, யார் பின்னே என்ற கேள்வி அதில் எழாது. ‘ஒரு கணம் பொறு’ என்று காலத்தைக் குறிக்கும் மற்றொரு கணமும் உண்டே என்று சிலர் கேட்பார்கள். அந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட மாணவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

விளையாட்டில் வரும் ‘செட்’ பற்றியும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். டென்னிஸில் ஆறு ஆட்டங்களை வென்று, எதிராளியைவிட இரண்டு கூடுதலாகவும் பெற்றவருக்கு ஒரு ‘செட்’ சேரும். கடைசி ‘செட்’டுக்குச் சமன்முறிப்பு (டை-பிரேக்) இல்லாத காலத்தில், 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மஹுவும் ஆடிய ஐந்தாவது ‘செட்’ 70–68 வரை நீண்டது.

சொல்தேடி எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயாவுக்கும் வெற்றுக்கணம் ஐயாவுக்கும் நன்றி. இரண்டு தலைச்சொற்களாகப் பிரித்துவிட்டேன். பெயர்ச்சொல் பகுதி உடனே தெளிவாகிவிட்டது. ஆனால் வினைக்கு ‘இருத்து’ என்று எழுதினால் மாணவருக்கு எதுவும் விளங்காது என்று அஞ்சுகிறேன். ‘மனத்தில் இருத்து’ என்ற தொடரைத் தவிர அந்தச் சொல் இன்று எழுத்தில் அதிகம் வருவதில்லை.

மடைமாற்றி எழுதியது:

சொல்தேடியின் அச்சம் நியாயமானது. வேர் வரலாற்றில் ‘இருத்து’ சரியான இணையாக இருக்கலாம். ஆனால் மொழிபெயர்க்கும்போது கைகொடுப்பது ‘வை’தான். ஆங்கிலத்தில் ‘செட்’ வரும் இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். தீ வைக்கிறோம், பொறி வைக்கிறோம், விலை வைக்கிறோம், கடிகாரத்தில் அலாரம் வைக்கிறோம், ஓரிடத்தில் காலடி எடுத்து வைக்கிறோம். இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘செட்’ உண்டு. இன்னும் வியப்பானது, இரண்டு சொற்களும் துணைவினை போன்ற நிலைக்கும் வந்திருப்பது. ஒரு செய்தி நம்மைச் சிந்திக்க வைத்தது என்கிறோம். ஆங்கிலத்திலும் ஒருவரைச் சிந்திப்பதில் ‘செட்’ செய்தது என்றே சொல்வார்கள்.

ஒத்துப்போவது போலத் தோன்றி ஏமாற்றும் இடங்களும் இருக்கின்றன. கையகராதிக்கு அவையே முக்கியம். ஒன்றின்மேல் கண்களை ‘செட்’ செய்வது என்றால் ஆங்கிலத்தில் அதைப் பார்ப்பது, அதுவும் பெரும்பாலும் முதன்முறையாகப் பார்ப்பது. தமிழில் ஒன்றின்மேல் கண் வைத்தால் ஆசைப்படுவது அல்லது கண்ணேறு படும்படி பார்ப்பது. ‘நீ மனம் வைத்தால் முடியும்’ என்னும்போது இசைவும் முயற்சியும் இருந்தால் போதும் என்கிறோம். ஆங்கிலத்தில் ஒன்றின்மேல் இதயத்தை ‘செட்’ செய்தவர் அது கிடைக்காவிட்டால் உடைந்துபோகும் அளவுக்கு ஏங்குகிறவர்.

‘வை’ ஒட்டவே ஒட்டாத இடங்களில் தமிழ் தனக்கென்று வேறு வினைகளை வைத்திருக்கிறது. திருமணத்துக்கு நாள் குறிக்கிறோம். கப்பலில் பாய் விரிக்கிறோம். பாட்டுக்கு இசையமைக்கிறோம், மோதிரத்தில் கல் பதிக்கிறோம், சாதனை படைக்கிறோம், கைதியை விடுவிக்கிறோம். ஆங்கிலம் ஒரே வினையை எல்லா இடங்களிலும் நிறுத்தி, வேறுபாட்டைச் செயப்படுபொருளிடம் விட்டுவிடுகிறது. தமிழ் அந்த வேறுபாட்டை வினையிலேயே காட்டிவிடுகிறது. தமிழில் ‘வை’, ‘போடு’, ‘எடு’, ‘பிடி’ போன்றவை இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன, ஆனால் அவற்றின் எல்லைகள் வேறு இடங்களில் விழுகின்றன.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மடைமாற்றி அம்மா சொல்வதை ஏற்கிறேன். ‘இருத்து’ என்பதை நான் பொருளாக எழுதச் சொல்லவில்லை, வேராகத்தான் காட்டினேன். நீங்கள் எடுத்த ‘வை’ இன்னொரு வகையிலும் ‘செட்’டை ஒத்திருக்கிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘வைத்தான்’ என்பது ஒரு வினை. ‘வைதான்’ என்று திட்டுதலைக் குறிப்பது வேறு வினை. கட்டளையில் இரண்டும் ‘வை’ என்றே நிற்கும். இறந்தகாலத்தில் ஒற்று மிகுவதும் மிகாமையும்தான் அவற்றைப் பிரிக்கின்றன. ‘வையே கூர்மை’ என்று தொல்காப்பிய உரியியல் சொல்லும் ‘வை’ மூன்றாவது. வைக்கோலில் இருக்கும் ‘வை’ இன்னொன்று.

ஆங்கிலச் சொல்லுக்கு அந்த இறந்தகால உதவியும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘செட்டன்’ என்பதன் இறந்தகாலம் ‘செட்டெ’. ஈற்றுயிர்கள் தேய்ந்தபோது நிகழ்காலமும் இறந்தகாலமும் ஒரே வடிவத்தில் வந்து முட்டிக்கொண்டன. படர்க்கை ஒருமையில் மட்டும் ஸகரம் சேர்வதால் காலம் தெரியும். மற்ற இடங்களில் சூழலைக் கொண்டே உணர வேண்டும். இதையும் பதிவின் தலையிலேயே குறித்துவிடுங்கள்; மாணவர்கள் ‘செட்டட்’ என்று எழுதுவது குறையும்.

சுண்ணாம்புக்கலவை எழுதியது:

வினையைப் பற்றிய பேச்சு முழுதும் செயப்படுபொருள் குன்றாததாகவே போய்க்கொண்டிருக்கிறது. ஒருவர் ஒன்றை ‘செட்’ செய்கிறார் என்பதுதான் இதுவரை வந்த சான்றுகள் எல்லாமே. நான் கட்டுமானத் துறையில் இருப்பவன். எங்களுக்குச் சிமென்ட் தானாகவே ‘செட்’ ஆகும். இந்தச் செயப்படுபொருள் குன்றிய வழக்கில் ‘வை’ உதவாது.

எங்கள் துறையில் இந்தச் சொல்லுக்கு மிகக் குறுகிய, திட்டவட்டமான பொருள் உண்டு. சிமென்ட் பசை தன் குழைவை இழப்பது ‘செட்’ ஆதல். அதன்பின் நாட்கணக்கில் வலிமை பெறுவது ‘ஹார்டனிங்’. முன்னது சில மணி நேரங்களில் முடிந்துவிடும். பின்னதைச் சோதிக்க 28ஆம் நாள் வலிமையை அளவுகோலாகக் கொள்கிறோம். பிரெஞ்சுப் பொறியாளர் விக்காவின் பெயரால் வழங்கும் கருவியில் ஒரு மெல்லிய ஊசியைப் பசைக்குள் இறக்குவோம். பசை புதிதாக இருக்கும்போது ஊசி அடித்தட்டு வரை தடையின்றி இறங்கும். சற்று நேரம் கழித்து அடியைத் தொடாமல் சில மில்லிமீட்டர் மேலேயே நின்றுவிட்டால் அது தொடக்க நிலை. பிறகு ஊசி உள்ளே இறங்காமல் மேற்பரப்பில் ஒரு தடத்தை மட்டும் பதித்தால் அது இறுதி நிலை. அந்த நிலையிலும் சிமென்ட் வலிமை பெற்றுவிடவில்லை. விரல் நகத்தால் கீறினால் கீறல் விழும். சிமென்ட்டில் உள்ள ஓர் அலுமினேட்டு தண்ணீர் பட்டவுடன் வேகமாக வினைபுரிந்து கலவையைச் சட்டென்று இறுக்கிவிடும் என்பதால், அதைத் தாமதப்படுத்தவே அரைக்கும்போது ஜிப்சம் சேர்க்கிறார்கள்.

ஆகவே ‘செட்’ என்பதற்கு ‘இறுகு’, ‘ஹார்டன்’ என்பதற்குக் ‘கெட்டிப்படு’ என்று தனித்தனியே எழுதுங்கள். பல அகராதிகள் இரண்டுக்கும் ‘கெட்டியாகு’ என்றே போட்டிருக்கின்றன. ஜெல்லிக்கு ‘உறை’ என்று வேறு சொல் வேண்டும்.

மடைமாற்றி எழுதியது:

சூரியனுக்கும் இதே சிக்கல்தான், சொல்தேடி முதலிலேயே அதைத் தொட்டார். ‘மறை’, ‘அடை’ என்று இன்று எழுதுகிறோம். பழந்தமிழில் அது ‘படு’. மறையும் சூரியனைப் ‘படுஞாயிறு’ என்றார்கள். ‘எற்பாடு’ என்ற பொழுதின் பெயரை ‘எல்’ ஆகிய சூரியன் படும் நேரம் என்று பிரித்துப் பொருள் சொல்வது வழக்கம். ஆங்கிலத்தில் இறங்கி உட்காரும் சூரியன் தமிழில் படுத்தே விடுகிறது. அகராதிக்கு ‘மறை’ போதும். இது ஆசைக்காகச் சொன்னது.

இழைப்புளி எழுதியது:

தச்சு வேலையில் ‘செட்’ என்றால் ரம்பத்தின் பற்களை ஒன்று விட்டு ஒன்றாக இடப்பக்கமும் வலப்பக்கமும் சிறிது சாய்த்து வைத்திருப்பது. அப்படிச் சாய்த்தால்தான் அறுக்கும் பிளவு ரம்பத் தகட்டின் கனத்தைவிட அகலமாக இருக்கும். தகடு மரத்துக்குள் சிக்காமல் ஓடும். சாய்வு ஒரு பக்கம் அதிகமாகிவிட்டால் ரம்பம் கோட்டை விட்டு அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். ஈர மரத்துக்குச் சாய்வைக் கூட்டுவோம், காய்ந்த கடின மரத்துக்குக் குறைப்போம். பல்லைச் சாய்க்கும் இடுக்கிக்கும் இதே பெயரை ஒட்டித்தான் பெயர். பள்ளி மாணவருக்கு இது தேவையா என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். 430 பொருளில் இதுவும் ஒன்றாக இருக்கும்.

ஈயஎழுத்து எழுதியது:

அச்சகத்தில் எழுத்துகளை ‘செட்’ செய்வது என்பதற்குத் தமிழில் ‘அச்சுக்கோத்தல்’ என்ற சொல் நன்றாகவே நிலைபெற்றது. கையில் பிடித்த தட்டுச்சட்டத்தில் ஒவ்வோர் ஈய எழுத்தையும் தலைகீழாக, இடமிருந்து வலமாகச் சேர்த்துக்கொண்டே போவோம். வரி நிறைந்ததும் இடைவெளிக் கட்டைகளைச் செருகி இறுக்குவோம். வெற்றுக்கணம் ஐயா தொடுப்பதில் வரிசை இருக்கிறது என்று குறைபட்டார். எங்கள் வேலையில் வரிசைதான் எல்லாமே. ஆகையால் ‘கோ’ என்ற வினை இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆங்கிலத்தில் எழுத்தின் அகலத்துக்கும் ‘செட்’ என்று பெயர் உண்டு. அதற்குத் தமிழில் நாங்கள் தனிப்பெயர் எதையும் வைத்துக்கொள்ளவில்லை, அகலம் என்றே சொன்னோம்.

தாவா எழுதியது:

நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்ப்பவன் என்ற முறையில், தனியாக நிற்கும் ‘செட்’டைவிடப் பின்னொட்டுச் சொல்லுடன் வரும் ‘செட்’ பெரிய ஆபத்து என்று சொல்வேன். ‘செட் அசைட்’ என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். பொது வழக்கில் அதற்கு ஒதுக்கி வைத்தல் என்று பொருள். பிற்காலத் தேவைக்காகப் பணத்தை ஒதுக்கி வைக்கலாம், வேறுபாடுகளை ஒதுக்கி வைக்கலாம். மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழமை நீதிமன்றத் தீர்ப்பை ‘செட் அசைட்’ செய்தது என்றாலோ, அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது என்று பொருள். அதை ‘ஒதுக்கி வைத்தது’ என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் வேறொன்றை நினைப்பார். தீர்ப்புச் சொல்வதைப் பிறிதொரு நாளுக்குத் தள்ளிவைப்பதை ‘ஒத்திவைத்தது’ என்று எழுதுகிறோம். ஒதுக்கி வைத்தது, ஒத்திவைத்தது என்ற இரண்டும் காதில் அடுத்தடுத்து நிற்கின்றன. வழக்கில் வென்றுவிட்ட ஒருவர் தன் வழக்கு இன்னும் முடியவில்லை என்று எண்ணிக்கொண்டு போவதற்கு இந்த ஒரு தொடர் போதும்.

‘செட் ஆஃப்’ என்பதும் அப்படியே. பொது வழக்கில் புறப்படுதல் என்பது ஒன்று, வெடிக்கச் செய்தல் என்பது ஒன்று, பக்கத்தில் உள்ளதன் நிறத்தை எடுப்பாகக் காட்டுதல் என்பது ஒன்று. சட்டத்தில் ஒருவருக்கு வர வேண்டியதை அவர் தர வேண்டியதில் கழித்துக்கொள்வது. பிரதிவாதி தனக்கு வாதி தர வேண்டிய கடனைக் கழித்துக்கொள்ளும்படி கேட்பதும், விசாரணைக் காலத்தில் சிறையில் இருந்த நாட்களைத் தண்டனைக் காலத்தில் கழிப்பதும் இதில் அடங்கும். ‘செட்’ என்பதற்கு எவ்வளவு சரியான தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடித்தாலும் அது இங்கே உதவாது. இவற்றைத் தனித் தலைச்சொற்களாகவே தாருங்கள்.

மடைமாற்றி எழுதியது:

தாவா ஐயா சொன்னதோடு இலக்கணக் குறிப்பு ஒன்றையும் சேர்க்க வேண்டும். ‘செட் எபௌட்’, ‘செட் அவுட்’ இரண்டும் ஒரு வேலையைத் தொடங்குவதைக் குறிக்கின்றன. ஆனால் முன்னதற்குப் பின்னால் ‘இங்’ ஈற்று வடிவம் வரும், பின்னதற்குப் பின்னால் ‘டு’ சேர்ந்த வடிவம் வரும். பொருளிலும் மெல்லிய வேறுபாடு உண்டு. ‘செட் எபௌட்’ என்றவர் வேலையில் கைவைத்துவிட்டார். ‘செட் அவுட்’ என்றவர் ஒரு நோக்கத்தோடு இறங்கியிருக்கிறார், அதை முடித்தாரா என்பது தெரியாது. ‘செட் இன்’ என்பது மழை, குளிர், நோய், அழுகல் போன்றவை வந்து நிலைகொள்வதற்கு வரும், பெரும்பாலும் விரும்பத்தகாதவற்றுக்கு. மகிழ்ச்சி ‘செட் இன்’ ஆனது என்று எழுதினால் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். நம் கையகராதிகளில் இத்தகைய குறிப்புகள் இருப்பதே இல்லை.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இவ்வளவையும் படித்தபின், சொல்தேடி கேட்ட ஒழுங்கு எது என்பதற்கு ஒரு வழி சொல்லலாம் என்று தோன்றுகிறது. பொருள்களுக்கு எண்ணிடுவதை விட்டுவிடுங்கள். எண்ணிக்கை அகராதிக்காரரின் கைவேலை. ஒருவர் சேர்த்து எழுதுவதை மற்றவர் பிரித்து எழுதுவார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் திருத்தப் பணியில் 2011ஆம் ஆண்டளவில் ‘ரன்’ என்ற வினைக்கு 645 பொருள்கள் பதிவாயின; ‘செட்’ வகித்த முதலிடம் போய்விட்டது. ‘ரன்’ திடீரென்று புதுப் பொருள்களைப் பெற்றுவிட்டதாகவா கொள்வது? இயந்திரங்களும் கணினி நிரல்களும் ஓடத் தொடங்கியதால் சில வந்திருக்கலாம். மீதி, நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்ததால் வந்தவை. ‘செட்’டின் பதிவையும் அதே கண்ணால் முழுதாகத் திருத்தினால் அதன் எண்ணும் மாறும்.

பல பொருள் ஒரு சொல்லைப் பற்றித் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் சொல்வது இங்கே அப்படியே பயன்படுகிறது. அத்தகைய சொல்லின் பொருள், அதனோடு வரும் வினையாலும், இனத்தாலும், சார்பாலும் தெளிவாகும் என்கிறது நூற்பா. ‘மா பூத்தது’ என்றால் மரம், ‘மா ஓடிற்று’ என்றால் விலங்கு என்பது உரைகளில் காணும் விளக்கம். அங்கே பெயர் பல பொருளது, வினை அதைத் தெளிவிக்கிறது. ‘செட்’டில் வினை பல பொருளது, பெயர் அதைத் தெளிவிக்கிறது. ஆகவே உங்கள் பதிவை உடன்வரும் பெயர்களின்படி அமையுங்கள். தீ, பொறி, அலாரம், விலை ஆகியவை வந்தால் ‘வை’. நாள், நேரம், எல்லை வந்தால் ‘குறி’ அல்லது ‘வரையறு’. சிமென்ட், பசை, சாயம் எழுவாயாக வந்தால் ‘இறுகு’ அல்லது ‘பிடி’. முறிந்த எலும்பு வந்தால் ‘சேர்த்துக் கட்டு’. மாணவர் தன் முன்னால் உள்ள ஆங்கில வாக்கியத்தில் அந்தப் பெயரைக் கண்டு, அகராதியில் அதையே தேடுவார். அரைப் பக்கத்தில் இருபது இணைகளாவது அடங்கும்.

சொல்தேடி எழுதியது:

இது நடைமுறைக்கு ஒத்துவரும். உடன்வரும் பெயர்களை அகரவரிசையில் அடுக்கி ஒரு மாதிரிப் பதிவைத் தட்டச்சு செய்து பார்த்தேன், இடம் போதுகிறது. ஆனால் எந்தப் பெயர்களை விடுவது என்பதில் இன்னும் தயக்கம் இருக்கிறது. இழைப்புளி அவர்களின் ரம்பத்தை மனமில்லாமல் நீக்கியிருக்கிறேன்.

வேறு இரண்டு ஐயங்கள். தமிழ்ப் பேச்சில் ‘அது எனக்குச் செட்டாகாது’ என்கிறோமே, அதாவது பொருந்தாது என்ற பொருளில், அதற்கு நேரான ஆங்கில வழக்கு உண்டா? மாணவர்கள் அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். அடுத்து, ‘அசெட்’, ‘அப்செட்’ ஆகிய சொற்களைத் ‘தொடர்புடைய சொற்கள்’ என்று பதிவின் அடியில் சேர்க்கலாமா?

மடைமாற்றி எழுதியது:

‘செட்டாகாது’ என்பது நாமே உண்டாக்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் ஒருவருக்கு ஒன்று பொருந்துவதற்கு ‘சூட்’ என்பார்கள், ‘செட்’ என்பதில்லை. ஏட்டுச்சுவடி ஐயா இரண்டும் தூரத்து உறவு என்று சொன்னாலும், நம் வழக்கு அந்த உறவால் பிறந்திருக்க வாய்ப்பில்லை; ஒரு ‘செட்’டுக்குள் சேராதது என்ற எண்ணத்திலிருந்தோ, இயந்திர உறுப்பு இடத்தில் அமராதது என்ற எண்ணத்திலிருந்தோ வந்திருக்கலாம் என்பது என் ஊகம். தமிழ்ப் பேச்சில் அது நல்ல, உயிருள்ள சொல். பதிவில் ‘ஆங்கிலத்தில் இப்பொருள் இல்லை’ என்று அடைப்புக்குறிக்குள் எச்சரிக்கை போட்டுவிடுங்கள்.

தாவா எழுதியது:

‘அசெட்’ என்பதைச் சேர்க்காதீர்கள். அதற்கும் ‘செட்’டுக்கும் உறவே இல்லை. போதுமான அளவு என்ற பொருளுடைய ‘அசே’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் பழைய வடிவம் அது. இங்கிலாந்தின் சட்டப் பிரெஞ்சில் இறந்தவரின் கடன்களை அடைக்கப் போதுமான உடைமை என்ற பொருளில் ‘அசெட்ஸ்’ என வழங்கியது. ஈற்றில் உள்ள ஸகரத்தைப் பன்மை விகுதி என்று எண்ணி, அதை நீக்கி, ‘அசெட்’ என்ற ஒருமையைப் பின்னால் உண்டாக்கினார்கள்.

‘அப்செட்’ சேர வேண்டியதுதான், ஆனால் ஒரு குறிப்போடு. இன்று அது கவிழ்த்தல், மனம் கலங்கச் செய்தல் என்ற பொருள்களில் வழங்குகிறது. முற்காலத்தில் அதன் பொருள் இதற்கு நேர்மாறானது: நிமிர்த்தி வைத்தல், உயர்த்தி நிறுத்துதல். கவிழ்த்தல் என்ற பொருள் வலுத்தபின் பழைய பொருள் பொது வழக்கிலிருந்து போய்விட்டது. ஏல அறிவிப்புகளில் மட்டும் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏலப் பொருளுக்குக் கேள்வி தொடங்க வேண்டிய குறைந்தபட்ச விலையை ‘அப்செட் பிரைஸ்’ என்பார்கள். பொருளை மேடையில் ஏற்றி வைக்கும் விலை என்று கொள்ளலாம். இதை ஒருவர் ‘கவிழ்ந்த விலை’ என்று தமிழில் எழுதி அனுப்பிய படிவத்தை நான் திருத்தியிருக்கிறேன். ‘ஏலத் தொடக்க விலை’ என்று எழுதுங்கள்.